தங்கப் பதக்கம் கிடைத்தது, காப்புரிமை கிடைக்குமா?

புத்தாக்கப் போட்டிகளில் நம் மாணவர்கள் தங்கம் வென்ற செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். பாராட்டு விழாவில், "அடுத்து காப்புரிமை எடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். மின்னியல் படிக்கும் எனக்கும் அந்தக் கனவு இருந்தது.

பாச்சாங்கில் எங்கள் வீட்டில் தாத்தாவின் நெற்றி விளக்கு இருக்கிறது. விடியுமுன் பால்மரம் வெட்ட அதைக் கட்டிக்கொண்டுதான் போவார். அதில் போடும் லித்தியம் பேட்டரி, பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டு வகைகளில் கிடைக்கிறது. சாதாரண வகையை 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்யலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு ஏறக்குறைய 3.65 வோல்ட்தான் எல்லை. சார்ஜர் மாறினால் பேட்டரி கெடும், ஆபத்தும் உண்டு. வகையை அறிந்து, சூடேறினால் தானே நின்றுவிடும் சார்ஜர் ஒன்றை வரைந்தேன்.

விரிவுரையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதில் உங்களுடையது எது?"

தேடிப் பார்த்தேன். பேட்டரியின் கூடுதல் முனையில் மின்தடை வைத்து வகையை அறிவதும், வெப்ப உணரியால் மின்சாரத்தை நிறுத்துவதும் கைப்பேசி, மடிக்கணினி பேட்டரிகளில் பழைய வழக்கம். நான் இரண்டையும் சேர்த்திருந்தேன், அவ்வளவுதான்.

நமது 1983 காப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இங்கேதான் குறுக்கே நிற்கிறது. அத்துறையில் சராசரித் திறன் உள்ளவருக்கு எளிதில் தோன்றக்கூடியது கண்டுபிடிப்பு ஆகாது. 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கே.எஸ்.ஆர். வழக்கில் இதையே வலியுறுத்தியது. நகர்த்தக்கூடிய கார் பெடலோடு மின்னணு உணரியைச் சேர்த்ததற்குத் தந்த காப்புரிமை அங்கே செல்லவில்லை.

ஆனால் விடை தெரிந்த பிறகு எந்தக் கணக்கும் சுலபம்தான். அதனால் விண்ணப்பித்த நாளுக்கு முன்பு நின்று பார்ப்பதே நியாயம். அப்படிப் பார்த்தும் என் சார்ஜர் தேறவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. தெரிந்த பாதுகாப்பு முறைகளை ஒருவர் பூட்டி வைத்தால், சிறிய பட்டறைகள் பாதுகாப்பான சார்ஜர் செய்ய முடியாது.

அதே சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. 'பயன்பாட்டுப் புத்தாக்கம்' என்ற சான்றிதழுக்குப் புதுமை இருந்தால் போதும். இந்த 15ஆவது பிரிவு அதற்குப் பொருந்தாது. ஆனால் போட்டியில் காட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமதித்தால் உங்கள் படைப்பே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். ஆகவே, கண்காட்சி அட்டையை ஒட்டுவதற்கு முன் காப்புரிமைப் பதிவுகளைத் தேடுங்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்குமுன் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.