வராத வெள்ளமும் கட்டிய அணையும்

வருமுன் காப்போனைப் போற்றும் மரபு நம்முடையது. மூன்று மீன்களின் கதையைப் பள்ளிப் பருவத்திலேயே கேட்டு வளர்கிறோம். ஆயினும் அக்கதையில் ஒரு வசதி உண்டு. வலைஞர் உண்மையாகவே வந்து வலை வீசினர். ஆகவே முன்னரே குளத்தை விட்டு அகன்ற மீனை அறிவுடையது என்கிறோம். வலைஞர் வராமலே போயிருந்தால் அந்த மீனை என்னவென்று சொல்லியிருப்போம்? வீணாக அஞ்சி ஓடியது என்று நகைத்திருப்போம் அல்லவா? இவ்வினா வெறும் கற்பனை அன்று. 1999 டிசம்பர் 31 நள்ளிரவு கடந்தபோது உலகம் முழுவதும் எழுந்த வினா இது.

தொடக்கக் காலக் கணிப்பொறிகளில் நினைவகம் பொன்னினும் அரிதாக இருந்தது. துளையிட்ட அட்டை ஒன்றில் 80 எழுத்துகளே அடங்கும். ஆகவே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பதிந்தனர். 1965 என்பது 65 ஆயிற்று. அன்றைக்கு அது நல்ல சிக்கனமே. ஆனால் 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது 00 என்பதைக் கணிப்பொறி 1900 என்று கொள்ளக்கூடும். வட்டிக் கணக்கு, ஓய்வூதியம், காப்பீடு, மின் உற்பத்தி எனத் தேதியை நம்பி இயங்கும் எதுவும் பிழைபடலாம். பாப் பெமர் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் 1971லேயே இதனை எழுதி எச்சரித்தார். கேட்பார் இல்லை. 1993இல் பீட்டர் டி யேகர் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே பலர் விழித்தனர்.

விழித்த பின் நடந்தது பெரும் உழைப்பு. 1998 பிப்ரவரியில் அமெரிக்கா இதற்கெனத் தனிக் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவையில் 120க்கும் மேற்பட்ட நாடுகளின் பொறுப்பாளர்கள் கூடினர். உலக அளவில் 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர் வரை செலவாகும் என மதிப்பிட்டனர். கணிப்பொறியின் பிழையால் ஏவுகணை வருவதாகத் தவறான செய்தி எழுந்துவிடக் கூடாதே என்று அமெரிக்க, ருஷ்யப் படை அதிகாரிகள் கொலராடோவில் ஒரே அறையில் அமர்ந்து விழித்திருந்தனர். பல்லாண்டுகளுக்கு முன் கோபோல் மொழியில் எழுதப்பட்ட நிரல்களை வரி வரியாகப் படித்துத் திருத்திய பணியில் இந்திய இளைஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களுள் சென்னையிலிருந்து சென்ற தமிழர்களும் இருந்தனர். இந்திய மென்பொருள் துறை உலகின் நம்பிக்கையைப் பெற்றதற்கு அப்பணியும் ஒரு காரணமாயிற்று.

நள்ளிரவு வந்தது, கடந்தது. விளக்குகள் அணையவில்லை. விமானங்கள் விழவில்லை. அங்கங்கே சில பிழைகள் நேர்ந்தன. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் செய்திகள் சில நாள் தடைப்பட்டன. இங்கிலாந்தில் கருவுற்ற பெண்கள் 150 பேருக்கு மேல் தவறான சோதனை முடிவைப் பெற்றனர். தாயின் வயதைக் கணிப்பொறி தவறாகக் கணக்கிட்டதே காரணம். திருத்தப்படாத ஒரு கணக்கு எத்தனை குடும்பங்களைக் கலங்க வைக்கும் என்பதற்கு இஃதொன்றே போதும். ஆயினும் மறுநாள் உலகம் சொன்னது வேறு: "ஒன்றும் நடக்கவில்லையே! இத்தனை பணமும் பாழ்!"

இக்கூற்றில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அச்சத்தை விற்றுப் பொருள் ஈட்டிய வணிகர்கள் இருந்தனர். தேவையற்ற இயந்திரங்களை வாங்கிய நிறுவனங்களும் இருந்தன. குறைவாகச் செலவிட்ட இத்தாலி போன்ற நாடுகளும் பெருந்தீங்கின்றித் தப்பின. எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓரிடத்தில் திருத்தப்பட்ட மென்பொருள் உலகெங்கும் விற்பனையாயிற்று. பிறர் உழைப்பின் பயனை உழைக்காதவரும் துய்த்தனர். ஊரார் கூடிக் கரையை உயர்த்தினால், மண் சுமக்காதவன் வீட்டிலும் வெள்ளம் புகாது. அதைக் கொண்டு கரையே வேண்டாதது என்று வாதிடுதல் முறையாகுமா?

தீங்கு வந்தால் காத்தவனைத் தேடிப் பாராட்டுகிறோம். தீங்கே வராமல் காத்தவனிடம் கணக்குக் கேட்கிறோம். இம்மனப்போக்கு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை நம் கடற்கரை அறியும். பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் உண்டு. இந்தியப் பெருங்கடலுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நிலம் நடுங்கியபின், அலை தமிழகக் கரையைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த நேரம் பெரும்பாலோர்க்குப் பயன்படவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதன்பின் 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. எச்சரிக்கை விடுக்கப்பட்டது, தமிழகக் கரையோர மக்கள் மேட்டு நிலம் நோக்கிப் பெயர்ந்தனர். நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நழுவியதால் கடற்பரப்பு பெரிதாக எழும்பவில்லை; பேரலை வரவில்லை. அன்று வீடு விட்டுச் சென்று திரும்பியவர்கள் வீணாக அலைந்தவர்களா? இல்லை. 2004இல் மாண்டோர்க்குக் கிட்டாத ஒன்று அவர்களுக்குக் கிட்டியது. அடுத்த முறை எச்சரிக்கை ஒலிக்கும்போது, 'போன முறையும் இப்படித்தான் சொன்னார்கள்' என்று ஒருவர் வீட்டிலேயே தங்கிவிட்டால் அதுவே பேரிடர்.

எனவே ஆயத்தத்தை அதன் முடிவைக் கொண்டு அளத்தல் கூடாது. முடிவெடுத்த நாளில் என்ன அறிந்திருந்தோம் என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். செலவுக்குக் கணக்குக் கேட்பது நம் உரிமை. ஆனால் எள்ளி நகைப்பது கணக்குக் கேட்பதாகாது. காத்தவர்களும் தாம் எந்தப் பிழையை எவ்வாறு நீக்கினோம் என்பதை மக்கள் அறியும் மொழியில் எழுதி வைத்தல் வேண்டும். அவ்வாறு எழுதாமையாலேயே 2000ஆம் ஆண்டின் உழைப்பு வேடிக்கைக் கதையாய்ச் சுருங்கிற்று.

மாணவச் செல்வங்களே! மற்றொரு நாளும் குறிக்கப்பட்டுள்ளது. 2038 ஜனவரி 19 அன்று, நொடிகளை 32 இருமக் கூறுகளில் எண்ணும் பழைய கணிப்பொறிகளின் கணக்கு நிரம்பி வழியும். அதனைத் திருத்தும் பணி தொடங்கிவிட்டது. அதில் உங்களுள் சிலர் பங்கேற்கலாம். அப்பணி செவ்வனே முடிந்தால் அன்று ஒன்றும் நடக்காது. உங்களைப் பாராட்ட எவரும் வரவும் மாட்டார்கள். அந்த அமைதியே உங்கள் உழைப்பின் ஊதியம் என்று கொள்ளுங்கள்.