எட்டாம் நாள் யார் பொறுப்பு?

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்குப் பணம் கட்டாமலே சிகிச்சை கிடைக்க வழிசெய்யும் மத்திய அரசின் திட்டம் 2025 மே 5 அன்று நடைமுறைக்கு வந்தபோது எல்லாரும் வரவேற்றோம். வரவேற்க வேண்டியதுதான். முன்பணம் கேட்டு ஸ்டிரெச்சரை வாசலிலேயே நிறுத்திவைக்கும் வழக்கத்துக்கு அது முடிவு கட்டுமானால் நல்லது. ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்பதாகச் சொல்லும் அந்தத் திட்டம், கூடவே இன்னொரு வரம்பையும் வைத்திருக்கிறது: விபத்து நடந்த நாளிலிருந்து அதிகபட்சம் ஏழு நாள். தொகை போதுமா போதாதா என்று நிறையப் பேசியாயிற்று. நாள் கணக்கைப் பற்றிப் பொதுவெளியில் அவ்வளவாகப் பேச்சில்லை. தலையில் அடிபட்டவரைப் பொறுத்தவரை இந்த ஏழு நாள் என்பது மருத்துவத்தில் எதனோடும் ஒட்டாத கணக்கு.

கால் எலும்பு முறிந்தவருக்கு ஏழு நாளில் அறுவை சிகிச்சை முடித்து, தையல் பிரிக்க நாள் குறித்து, வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மூளை அப்படி இல்லை. தலையில் பலமாக அடிபட்டவர் கண் விழித்த பிறகும் பல நாள் குழப்பத்திலேயே இருப்பார். பக்கத்தில் இருப்பது யார், காலையில் என்ன நடந்தது என்று எதுவும் நினைவில் தங்காது. அந்தக் குழப்பம் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதை வைத்தே காயத்தின் கடுமையை அளக்கலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டு நரம்பியல் மருத்துவர் ரிட்சி ரஸ்ஸல் காட்டி அறுபது ஆண்டுக்கு மேலாகிறது. அந்த அளவுகோலில் ஒரு நாளைத் தாண்டினால் கடுமையான காயம். ஏழு நாளைத் தாண்டினால் மிகக் கடுமையான காயம். மருத்துவர்கள் 'மிகக் கடுமை' என்று எழுதத் தொடங்கும் அதே நாளில் அரசு கணக்கை மூடிக்கொள்கிறது. அப்படிப்பட்ட நோயாளி எட்டாம் நாள் எந்த நிலையில் இருப்பார் என்பது நியூரோ சர்ஜரி வார்டில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். தொண்டையில் துளையிட்டுப் போட்ட குழாய், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய், கட்டிலோரத்தில் தொங்கும் சிறுநீர்ப் பை, மடங்கி இறுகத் தொடங்கிய முழங்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். இவ்வளவுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் இருப்பது 'பிசியோதெரபி தொடரவும்' என்ற இரண்டு சொல்தான். எங்கே தொடர்வது, யார் செலவில் தொடர்வது என்று அதில் இராது.

ஏழு நாளுக்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை என்றால் இந்த வரம்பை மன்னித்துவிடலாம். ஆராய்ச்சி சொல்வதோ நேர்மாறு. அமெரிக்காவில் 18 விபத்து சிகிச்சை மையங்களைக் கொண்டு நடந்த 'டிராக்-டிபிஐ' ஆய்வின் ஓராண்டு முடிவுகள் 2021இல் வெளிவந்தன. கடுமையான தலைக்காயம் பட்டவர்களில், இரண்டு வாரம் ஆனபோது ஓரளவு தேறியிருந்தவர்கள் 290 பேரில் 36 பேர். ஓராண்டு முடிவில் 271 பேரில் 142 பேர். தேறினார்கள் என்றால் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று பொருளல்ல. குறைந்தது, பகலில் எட்டு மணி நேரமாவது துணையில்லாமல் வீட்டில் இருக்க முடியும் என்ற நிலை. குளிக்கவைக்கவும் ஊட்டிவிடவும் ஆள் வேண்டிய வீட்டில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் கண் திறந்தும் உணர்வில்லாமல் கிடந்த 79 பேரில் 62 பேருக்கு அந்த ஓராண்டுக்குள் உணர்வு திரும்பியிருக்கிறது. 'இனி ஒன்றும் தேறாது' என்று நம் ஊரில் கைவிரிக்கப்படுகிறவர்கள் இவர்கள்தான். அங்கே கிடைக்கும் தொடர் சிகிச்சை இங்கே ஏது என்று கேட்கலாம். அதுதானே நம் புகார்.

பக்கவாத ஆராய்ச்சியும் காலத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ஐந்து நாடுகளில் 2,104 பேரை வைத்து நடந்து 2015இல் வெளியான 'அவெர்ட்' ஆய்வு, பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயாளியை அடிக்கடி எழுப்பி நடக்கவைப்பது நன்மையைவிடத் தீமையே செய்கிறது என்று கண்டது. 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக 20 மணி நேரக் கைப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு, மூன்று மாதக் கட்டத்தில் அதைப் பெற்றவர்களுக்கே கை நன்றாகத் திரும்பியது. ஆறு மாதத்துக்குப் பிறகு பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அதில் பங்கேற்றவர்கள் 72 பேர்தான், பக்கவாதமும் விபத்துக் காயமும் ஒன்றல்ல என்பதும் சரியே. ஆனாலும் அவசரப்படவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது, மீட்சிக்கென்று ஒரு பருவம் இருக்கிறது என்பதையே இந்த ஆய்வுகள் சுட்டுகின்றன. அந்தப் பருவம் மாதக் கணக்கில் ஓடுகிறது.

சரி, கஜானாவுக்கு ஓர் எல்லை வேண்டாமா? வேண்டும். அதற்குத்தான் 1.5 லட்சம் என்ற உச்சவரம்பு இருக்கிறதே! தொகைக்கு ஒரு பூட்டு போட்ட பிறகு நாளுக்கு இரண்டாவது பூட்டு எதற்கு? ஏழு நாளில் ஒருவருக்கு 90,000 ரூபாய் செலவாகியிருந்தால் மிச்சம் 60,000 ரூபாயை அவர் தொட முடியாது. அந்தப் பணத்தில் சில வாரம் பேச்சுப் பயிற்சியும் இயன்முறை சிகிச்சையும் பெற்றிருக்கலாம். இறுகிய கையை நீட்டியிருக்கலாம். அரசுக்கு வாக்களித்ததைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகியிராது. ஆகவே இது சிக்கனமும் இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, ஒருவரை 15 நாள் கடும் வலியில் வைத்திருக்கிற, அல்லது அன்றாட வேலையைச் செய்யவிடாத காயத்தைக் கொடுங்காயம் என்கிறது. குற்றவாளியைத் தண்டிக்க 15 நாள் கணக்கு. அடிபட்டவருக்கு வைத்தியம் பார்க்க ஏழு நாள் கணக்கு. இரண்டும் ஒரே தலைநகரத்தில் எழுதப்பட்டவைதான்.

வீட்டார் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்பது அடுத்துக் கிளம்பும் வாதம். நம் குடும்பப் பாசத்தைப் புகழ்ந்துகொண்டே செலவை அதன் தலையில் கட்டும் வாதம் இது. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். லூதியானா கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து 'அட்டெண்ட்' என்ற ஆய்வை நடத்தினார்கள். ஒரு பாதிப் பேரின் வீட்டாருக்கு, மறுவாழ்வுப் பயிற்சியை வீட்டில் எப்படிக் கொடுப்பது என்று முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் இரு பிரிவிலும் 47 சதவீதம். 2017இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு இது. வீட்டார் கவனிப்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. தேர்ந்த சிகிச்சையாளரின் இடத்தை அது நிரப்பாது, அந்தச் சேவைக்குப் பணம் போட்டே ஆக வேண்டும் என்பதுதான் பொருள். பயிற்சி பெற்ற குடும்பங்களின் கதையே இது. நம் ஆட்கள் கையில் கொடுத்தனுப்புவது பயிற்சியைக்கூட அல்ல, ஒரு காகிதத்தை.

இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறதே, மருத்துவச் செலவை அங்கே கேட்டு வாங்கலாமே என்பார்கள். 2007இல் லாரி மோதித் தலையில் அடிபட்டு, வாழ்நாள் முழுதும் பிறர் கவனிப்பிலேயே இருக்க வேண்டிய நிலைக்குப் போன 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், 62 லட்சம் ரூபாய்க்கு மேல் தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2020 பிப்ரவரியில். நியாயமான, மனிதத்தன்மையுள்ள தீர்ப்பு. ஆனால் அதற்குள் அந்தச் சிறுமிக்கு 24 வயது ஆகியிருந்தது. மீட்சிக்கான மாதங்கள் முடிந்து, விபத்து நடந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து வரும் பணம் ஒரு கணக்கைத் தீர்க்கலாம், சிகிச்சை ஆகாது.

இதெல்லாம் தெரியாமல் நடந்த பிழை என்றும் சொல்ல முடியாது. திட்டம் வரைவு நிலையில் இருந்தபோதே இந்தத் தொகையும் இந்த ஏழு நாளும் போதா என்ற கவலை உச்ச நீதிமன்றத்தில் எழுப்பப்பட்டது. கேட்ட காதுகள் கேட்டுக்கொண்டே இருந்தன. மத்திய அரசில் இருப்பவர்களுடைய வேகமும் நமக்குப் புதிதல்ல. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றப் படியேறியது 2012இல். விபத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை என்ற சட்டத் திருத்தம் 2019இல் நிறைவேறியது. அந்தப் பிரிவு 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. திட்டம் மட்டும் வரவில்லை. 2025 ஜனவரியில் நீதிமன்றம் மார்ச் மத்தி வரை கெடு வைத்தது. கெடுவும் கடந்தது. ஏப்ரலில் துறைச் செயலாளரை நேரில் வரச் சொன்ன பிறகுதான், மே மாதம் அறிவிக்கை பிறந்தது. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டிகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டையும் இவர்கள்தான் உயர்த்தினார்கள்: இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. நல்ல செய்தி. 2022இல் மட்டும் அப்படிப்பட்ட விபத்துகள் 67,387. 2022-23இல் இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் 205. திட்டம் இருப்பதை மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றாதவர்களுக்கு, எட்டாம் நாள் நோயாளி நினைவுக்கு வராததில் என்ன வியப்பு?

மாநிலமும் இந்தப் பழியிலிருந்து முழுக்கத் தப்ப முடியாது. 2021 டிசம்பரில் தமிழகம் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' தில்லிக்கு முந்திக்கொண்ட திட்டம்தான். அதுவும் 48 மணி நேரத்தோடு நிற்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையாளரை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மூளை அடிபட்டவருக்குப் போவது கைகால் மட்டுமல்ல. பேச்சு போகும், ஞாபகம் போகும், சாந்தமாக இருந்தவர் எரிந்து விழுவார், கடைக் கணக்கு பார்த்தவருக்குச் சில்லறை எண்ண வராது. இவற்றுக்குப் பயிற்சி தர வல்லவர்கள் பெருநகரங்களைத் தாண்டினால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. மத்திய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் சாலை விபத்து அறிக்கையைப் புரட்டினால், 2022இல் 1,68,491 பேர் இறந்தார்கள், 4,43,366 பேர் காயமடைந்தார்கள் என்று இருக்கிறது. அந்த நான்கு லட்சத்துச் சொச்சம் பேரில் எத்தனை பேருக்கு மூளையில் அடி, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள், எத்தனை பேர் கட்டிலோடு முடங்கினார்கள் என்று அதில் ஒரு வரி கிடையாது. அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய தலைக்காய ஆய்வு மையங்களின் கூட்டமைப்பு, தன் நோயாளிகளை முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று தேடிப்போய் விசாரிக்கிறது. இங்கே ஏழு நாளுக்குப் பிறகு விசாரிக்கக் காரணமே இல்லாதபடி திட்டம் போட்டாயிற்று. பணம் நின்றால் பதிவும் நிற்கும், பதிவு இல்லாவிட்டால் ஆராய்ச்சி இல்லை. பிறகு ஆதாரம் எங்கே என்று அதே மேசையிலிருந்து கேட்பார்கள்.

இந்த ஏழு நாள் வரம்பை மத்திய அரசு திரும்பப் பார்க்க வேண்டும். மறுவாழ்வு சிகிச்சையையும் சிகிச்சையாக எண்ணும்படி திட்டத்தைத் திருத்த வேண்டும். எத்தனை வாரம், எந்த மருத்துவமனையில், யார் மேற்பார்வையில் என்பதை இத்துறையில் பழுத்தவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். அதற்கு முன்னால், ஏழு என்ற எண் எந்த ஆய்விலிருந்து, எந்த மருத்துவர் சொல்லி வந்தது என்று நாட்டுக்குச் சொல்லட்டும். இதற்கும் நீதிமன்றம் நேரில் அழைத்தால்தான் வாய் திறப்பார்கள் என்றால், அந்தத் தேதியையாவது சீக்கிரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.