மறுமொழி எழுதிய கரம்



ஒருவர் மீது அன்பு கொள்வதற்குப் பயிற்சி எதுவும் தேவையில்லை. ஆனால் பிறர் கொண்ட அன்பு நம் கையில் ஒப்படைக்கப்படும்போது அதனைச் சேதமின்றிக் காத்துத் தருவதற்கு நேர்மை வேண்டும், பொறுமை வேண்டும், நாவடக்கமும் வேண்டும். அவ்வாறு காத்துத் தந்த ஒருவரைப் பற்றியே இத்திங்கள் எழுத விழைகிறேன். அவர் நாடாண்டவர் அல்லர். நூல் பல கற்ற அறிஞரும் அல்லர். அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்துப் பணி புரிந்து வந்த இளம்பெண்.

இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூலில் தோன்றிய 'பீட்டில்ஸ்' என்னும் இசைக்குழுவின் பெயரை நம்மில் பலர் கேள்வியுற்றிருப்போம். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்னும் நான்கு இளைஞர்களைக் கொண்டது அக்குழு. 1964 பெப்ரவரி 9ஆம் நாள் அவர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முறையாக நேரில் பாடியபோது ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் பேர் பார்த்தனர். 1965 ஆகஸ்ட் 15ஆம் நாள் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,600 பேர் கூடினர். கூடியவர்களின் கூக்குரலில் பாட்டு மூழ்கிப் போயிற்று. தாம் பாடுவது தமக்கே கேளாத நிலையில், முரசு கொட்டிய ரிங்கோ மற்ற மூவரின் அசைவைக் கண்டே பாட்டு எவ்விடத்தில் நிற்கிறது என ஊகித்துக் கொண்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் பாடிய பின் அவர்கள் கட்டண நிகழ்ச்சிகளையே நிறுத்திவிட்டனர். கேட்க வந்தவர்களின் அன்பே கேட்க இயலாதபடி செய்துவிட்டது என்றால் அது மிகையாகாது.

சுமந்தவர் இருவர்

கூட்டத்தினர் கண்டது நால்வரை மட்டுமே. அந்நால்வரையும் அவர்தம் கருவிகளையும் ஊர் ஊராகச் சுமந்து சென்றவர் இருவர். ஒருவர் நீல் ஆஸ்பினால். பாலுக்கும் ஜார்ஜுக்கும் பள்ளித் தோழர். கணக்காயர் பயிற்சியைக் கைவிட்டு, பழைய வேன் ஒன்றை 80 பவுனுக்கு வாங்கி ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் அக்குழுவின் நிறுவனத்தையே தலைமையேற்று நடத்தி, 2007இல்தான் பொறுப்பிலிருந்து விலகினார்.

மற்றவர் மால் எவன்ஸ். தொலைபேசித் துறையில் பணியாற்றியவர். 'கேவர்ன்' என்னும் நிலவறை அரங்கில் வாயிற்காவலராகவும் நின்றவர். 1963 ஜனவரியில், கடுங்குளிரில் இலண்டனிலிருந்து லிவர்பூலுக்குத் திரும்பும் வழியில் வேனின் முன்கண்ணாடி நொறுங்கிப் பார்வையை மறைத்தது. மால் அதனைக் கையால் குத்தித் திறந்துவிட்டு, உறைபனிக் காற்று முகத்தில் அறைய, எஞ்சிய தொலைவு முழுவதையும் ஓட்டி முடித்தார். நால்வரும் பின்னால் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்து சூடு தேடினர். 1967இல் பதிவான புகழ்பெற்ற பாடல் ஒன்றில் தாளக்கட்டுகளை எண்ணிச் சொல்லும் குரலும் இவருடையதே. 1976 ஜனவரியில், தமது 40ஆம் வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் காவலர் துப்பாக்கிக்கு இரையானார் என்பது நெஞ்சை வருத்தும் செய்தி.

இவ்விருவரும் செய்த இன்னொரு பணியும் உண்டு. கையொப்பம் கேட்டு நீண்ட கரங்கள் எண்ணிலடங்கா. நால்வரும் எத்தனைதான் எழுதுவர்? ஆகவே நீலும் மாலும் நால்வரின் கையொப்பங்களையும் தாமே எழுதிப் பழகி, பல வேளைகளில் எழுதிக் கொடுத்தனர். பெற்றவர்களோ மெய்யென்று மகிழ்ந்தனர். இன்று அப்பழைய தாள்கள் ஏலத்துக்கு வருகையில், எது பாடகரின் கை, எது பணியாளரின் கை எனப் பிரித்தறியத் தனி வல்லுநர்கள் தேவைப்படுகின்றனர். யாருக்கும் தீங்கெண்ணிச் செய்ததன்று. தலைக்கு மேல் வந்த சுமையைத் தணிக்கச் செய்தது. எனினும் ஒரு வினா நிற்கிறது. அன்போடு கேட்டவருக்குப் பொய்யைக் கொடுத்தால், அவர் அறியாதவரை அது பொய்யாகாதா?

வீட்டு முகவரிக்கு வந்த மூட்டைகள்

இவ்வினாவுக்கு வாழ்ந்தே விடை தந்தவர்தான் ஃப்ரீடா கெல்லி. அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கையிலேயே தாயை இழந்து, பின்னர் தந்தையுடன் லிவர்பூலில் குடியேறியவர். பகலுணவு இடைவேளையில் அந்நிலவறை அரங்குக்குச் சென்று பாட்டுக் கேட்ட எத்தனையோ பெண்களில் ஒருவர். 1962இல், 17 வயதில், குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் அவரைச் செயலாளராக அமர்த்தினார். இரசிகர் மன்றப் பொறுப்பும் அவரையே சார்ந்தது.

இரசிகர் மன்றம் என்றதும் வண்ணச் சுவரொட்டியும் ஆரவாரமும் நம் நினைவுக்கு வரலாம். ஃப்ரீடாவின் மன்றமோ முதலில் அவருடைய வீட்டு முகவரியிலேயே இயங்கியது. குழுவின் புகழ் ஓங்கவே கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. தமக்கு வரவேண்டிய கட்டணச் சீட்டுகளை அக்குவியலில் தேடும்படி ஆகிவிட்டதே எனத் தந்தை கடிந்துகொண்டார். எப்ஸ்டீனின் அலுவலகம் இலண்டனுக்கு மாறியபோது, மகளை அங்கே அனுப்பத் தந்தை உடன்படவில்லை. மகளும் தந்தை சொல்லை மீறாது லிவர்பூலிலேயே இருந்து பணியைத் தொடர்ந்தார்.

வந்த கடிதங்களில் இருந்த வேண்டுகோள்களைக் கேட்டால் வியப்பாக இருக்கும். விருப்பமான பாடகரின் ஒரு கற்றை முடி வேண்டும் என்றவர்கள் பலர். ஃப்ரீடா முடிதிருத்தும் கடைக்கே சென்று, தரையில் விழுந்ததைத் திரட்டி வந்து அனுப்பினார். உதவிக்கு அமர்த்திய பெண்கள் வேறு முடியை உறையிலிட்டு அனுப்ப முற்பட்டதை அறிந்தபோது, அவர் தயங்கவில்லை. அவர்களைப் பணியிலிருந்து நீக்கிவிட்டார். மற்றொரு சிறுமி தலையணை உறை ஒன்றை அனுப்பி, ரிங்கோ அதன் மேல் உறங்கித் தரவேண்டும் எனக் கேட்டிருந்தாள். ஃப்ரீடா அதனை ரிங்கோவின் தாயாரிடம் கொடுத்து, மகனை அதன்மேல் உறங்கச் செய்து, கையொப்பமும் பெற்றுத் திருப்பி அனுப்பினார்.

இதெல்லாம் வீண் வேலை எனச் சிலர் நகைக்கலாம். முடியும் தலையணை உறையும் எதற்கு உதவும்? ஒன்றுக்கும் உதவாதுதான். ஆயினும் கேட்டவர் வெகு தொலைவில் ஒரு குழந்தை உள்ளத்தோடு காத்திருந்தார் அல்லவா? எந்த முடியை அனுப்பினாலும் அவர் கண்டுபிடித்திருக்க வழியில்லை. 'யாருக்குத் தெரியப்போகிறது?' என்னும் எண்ணத்தில்தான் நேர்மை முதலில் சறுக்குகிறது. ஃப்ரீடா சறுக்கவில்லை. தாமும் ஓர் இரசிகையாக இருந்தமையால், காத்திருப்பவரின் மனம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்நம்பிக்கையை அவர் அமானிதமாகவே கருதினார் எனலாம்.

அவருக்குத் துணை நின்ற தாய்மாரையும் மறத்தலாகாது. ஜார்ஜின் தாயார் லூயிஸ் ஹாரிசன், மகனுக்கு வந்த கடிதங்களுக்குத் தம் கைப்படவே மறுமொழி எழுதி வந்தார். மகனின் புகழுக்கு மயங்கி வாயிலை அடைத்துக்கொள்ளாது, மகனை நேசித்தவர்களையும் மதித்த தாயுள்ளம் அது.

மூடிய வாய்

1970இல் குழு பிரிந்தது. 1972இல் மன்றமும் மூடப்பட்டது. மூடிய பின்னும் எஞ்சிக் கிடந்த கடிதங்களுக்கு ஃப்ரீடா மறுமொழி எழுதினார். தம்மிடமிருந்த நினைவுப் பொருள்களில் பெரும்பகுதியை இரசிகர்களுக்கே கொடுத்துவிட்டார். விற்றிருந்தால் பெருஞ்செல்வம் சேர்ந்திருக்கும். அவரோ மீண்டும் அலுவலகச் செயலாளர் வேலைக்கே சென்று ஊதியத்தில் வாழ்ந்தார். நால்வரின் வீட்டுக்குள் நடந்தவற்றை அருகிருந்து அறிந்தவர், அவற்றை விலைபேசவில்லை.

தம் பேரக்குழந்தை தம்மைப் பற்றி அறிய வேண்டும் என்பதற்காகவே பல்லாண்டுகளுக்குப் பின் வாய் திறந்தார். அவரைப் பற்றிய ஆவணப்படம் 2013இல் வெளியாயிற்று. அதிலும் பிறர் அந்தரங்கத்தைக் கேட்டபோது சொல்ல மறுத்துவிட்டார். பீட்டில்ஸ் பாடல்களைப் படத்தில் சேர்க்க இசைவு பெறுவது மிக அரிது. இப்படத்துக்கு அது கிடைத்தது. படத்தின் முடிவில் ரிங்கோ ஸ்டாரும் தோன்றி அன்பு பாராட்டினார்.

பெற்றோர்களே! இன்று நம் பிள்ளைகள் கொரிய இசைக்குழுவினரின் பெயர்களையும் பிறந்த நாள்களையும் மனப்பாடமாக ஒப்பிக்கக் காண்கிறோம். உடனே சினந்து பயனில்லை. இகழ்ந்தால் அவர்கள் நம்மிடம் மறைக்கவே கற்பர். அருகே அமர்ந்து கேளுங்கள்: 'இவர்களுக்கு விளக்குப் பிடிப்பவர் யார்? ஒலியைச் சீர்செய்பவர் யார்? நீ எழுதுவதை எவரேனும் படிக்கிறாரா? உன் அன்பைக் காசாக்குகிறாரா, காக்கிறாரா?' விடை தேடும் பிள்ளை, ஆரவாரத்தின் பின்னே நிற்கும் உழைப்பைக் காணத் தொடங்கும்.

மேடையேறும் பேறு சிலருக்கே வாய்க்கும். பிறர் நம்பி ஒப்படைத்ததை, யாரும் பாராத இடத்திலும் பழுதின்றித் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்போ அன்றாடம் நம் ஒவ்வொருவர் கையிலும் வந்து சேர்கிறது. நம் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது அதுவே.