நாயின் இருதயத்திலே ஒரு கட்டி

சென்ற வாரம் நம் மாணவன் ஒருவன் சிவந்த கண்களுடன் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டு லாப்ரடார் நாய் ஒரு நாள் மாலை உலாவும்போது திடீரென்று சுருண்டு விழுந்ததாம். சற்றைக்கெல்லாம் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு நடந்ததாம். "வெயிலின் வேலை" என்று வீட்டார் இருந்துவிட்டனர். நான்காம் நாள் மறுபடியும் விழுந்தது. இருதயத்தில் கட்டி என்று வைத்தியர் கண்டறிந்த அன்றிரவே உயிர் நீத்தது.

"முதல் நாளே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்குமா, ஸார்?" என்றான் பையன்.

நாய்களின் இருதயத்தில் மிகுதியாகக் காணும் கட்டி ஹெமாஞ்சியோசார்கோமா என்னும் புற்று. ரத்தக் குழாய்களின் உட்சுவர் அணுக்களில் பிறப்பது. பெரும்பாலும் வலது மேலறையில் வளர்வது. அது கசியும்போது, இருதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் ரத்தம் தேங்குகிறது. உறையோ சட்டென விரிந்து கொடுப்பதில்லை. இருதயம் நெருக்குண்டு, நாய் மயங்கி விழுகிறது. கசிவு நின்றால் எழுந்து நடக்கிறது. இந்தத் தற்காலிக நலமே நம்மை ஏமாற்றுவது!

ஆகவே, வயதான நாய் ஒரு முறை விழுந்து எழுந்தாலும் அதன் ஈறுகளைப் பாருங்கள். அவை வெளுத்திருந்தாலும், மூச்சு வாங்கினாலும், வயிறு உப்பினாலும் தாமதம் கூடாது. அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும். இருதய ஒலி மங்கிக் கேட்பது அவருக்கு ஒரு துப்பு. ஒலி அலைகளால் படம் எடுக்கும் 'எக்கோ' பரிசோதனை, தேங்கிய ரத்தத்தையும் பெரும்பாலும் கட்டியையும் காட்டிவிடும். மிகச் சிறிய கட்டி அதற்கும் தப்புவதுண்டு.

ஊசி செலுத்தி ரத்தத்தை வடித்தால் உடனே ஆசுவாசம் கிட்டும். ஆனால் மீண்டும் தேங்கக்கூடும். கட்டியை அறுத்து எடுத்து, டாக்ஸோரூபிசின் மருந்து கொடுத்தாலும் கிடைப்பது பெரும்பாலும் சில மாதங்களே. கண்டறியும்போதே நோய் நுரையீரல் முதலியவற்றுக்குப் பரவியிருப்பது சகஜம். பாக்ஸர், புல்டாக் போன்ற நாய்களுக்கு இருதயத்தின் அடிப்பாகத்தில் வரும் வேறொரு கட்டி மெதுவாக வளர்வது. அதற்கு உறையை அகற்றினால், சில நாய்கள் ஓரிரு ஆண்டுகூட வாழ்வதுண்டு. எனவே எந்தக் கட்டி, சிகிச்சையால் எத்தனை நாள், எவ்வளவு வேதனை என்று வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே முடிவு செய்வது நலம்.

பையனிடம் நாம் பொய் சொல்லவில்லை. "குணமாகியிராது, தம்பி. சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள், சிரமம் குறைந்து இருந்திருக்கும். தெரியாமல் நேர்ந்ததற்கு உன்னை நொந்துகொள்ளாதே" என்றோம்.

அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். "அந்தச் சில வாரம் போதும், ஸார்" என்றான்.

வேறொரு வீட்டிலாவது அந்தச் சில வாரங்கள் கிட்டட்டும் என்றே இதை எழுதினோம்.