உதயத்துக்கு நேரமுண்டு, சுப்ஹுக்கு இல்லையா?



விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் இப்போது பாலித் தீவுப் பேச்சுதான். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, தலைக்கு இவ்வளவு என்று முகவரிடம் பணம் கட்டி, பாத்தூர் எரிமலையருகே சூரிய உதயம் பார்க்கப் புறப்படுகின்றன. சென்ற மே மாதம் எங்கள் குடும்பத்தார் 17 பேரும் அவ்வாறே போய்வந்தோம். பயணம் கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு பர்ளைக் கைவிடுவதை அந்தப் பயணத்தில் எவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டோம் என்பதைச் சொல்லவே எழுதுகிறோம்.

உபூதிலிருந்து அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டோம். கிந்தாமணியில் ஜீப்புகளுக்கு மாறி, 5 மணிக்கு உதயம் பார்க்கும் மேட்டை அடைந்துவிட்டோம். அந்த மாதத்தில் அங்கே சுப்ஹு நேரம் ஏறக்குறைய 5 மணிக்கு நுழைகிறது, சூரியன் 6.20 அளவில் எழுகிறது. ஆக, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த மேட்டில் வெறுமனே காத்திருந்தோம். காப்பி குடித்தோம். ஜீப்பின் மேல் ஏறி நின்று படம் எடுத்தோம். தொழவில்லை.

எங்கள் மூத்த ராத்தா, அறுபதைக் கடந்தவர், கைப்பையிலிருந்து முஸல்லாவை எடுத்தார். பயணத்தை ஏற்பாடு செய்த தங்கை மகன், "பெரியம்மா, இப்போது நகர்ந்தால் இந்த இடத்தை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். அறைக்குப் போய்க் கழா செய்துகொள்ளலாம்" என்றான். சுப்ஹின் நேரத்தை மதரஸாவில் ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நாமும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். வாய் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையின் முதல் குற்றவாளி நாமே.

ராத்தா நேரே ஜீப் ஓட்டுநரிடம் போய் முஸல்லாவைக் காட்டினார். அவர் பாலியைச் சேர்ந்த இந்து. எங்களை ஏற்றுவதற்கு முன் பனையோலைத் தட்டில் பூ வைத்துத் தம் வழிபாட்டை முடித்துவிட்டே வண்டியை எடுத்தவர். அந்த வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. ஆனால் தொழப்போகும் ஒருவரைப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. ஜீப்பைச் சற்றே பின்னுக்கு நகர்த்தி இடம் செய்தார். ஒளூவுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். மேற்குத் திசையையும் கையால் காட்டினார். அவருக்கு இருந்த அக்கறை எங்களுக்கு இல்லாமல் போனதை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

பாலியிலிருந்து கஅபா மேற்கே, சற்று வடக்காக இருக்கிறது. மேட்டில் நின்ற அனைவரும் கைபேசியுடன் கிழக்கு நோக்கியிருந்தார்கள். கிப்லா எல்லோருக்கும் முதுகுப்புறம் இருந்தது. ராத்தாவின் பின்னே வெட்கத்துடன் நால்வர் திரும்பினோம். தொழுது முடித்தபோது சூரியன் எழ இன்னும் அரைமணி நேரம் இருந்தது. உதயமும் தவறவில்லை, இடமும் பறிபோகவில்லை. மற்ற 12 பேரும் அந்தத் தொழுகையை எதற்காக விட்டார்கள் என்று கேட்டால் இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை.

இப்படிப் பேசினால் உடனே மூன்று பதில்கள் வரும்.

முதலாவது, "பூமியில் பயணம் செய்து பார்க்கச் சொல்வது குர்ஆன்தானே?" உண்மை. அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனம், அல்லாஹ் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்று பார்க்கவே பயணம் செய்யச் சொல்கிறது. மறுமையில் மீண்டும் எழுப்புவதையும் சேர்த்தே நினைவூட்டுகிறது. நாம் பார்த்தது என்ன? 1717 மீட்டர் உயரமுள்ள பாத்தூர் 1926இல் வெடித்தபோது அடிவாரத்துக் கிராமம் எரிகுழம்பில் புதைந்தது. பிழைத்தவர்கள் மேலே மலை விளிம்பில் குடியேறினார்கள். அருகிலுள்ள ஆகுங் 1963இல் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஜீப்புகள் ஓடும் கருநிலம் ஒரு காலத்தில் நெருப்பாக வழிந்து வந்தது. இவற்றில் ஒன்றையாவது நம் பிள்ளைகளுக்குச் சொன்னோமா? அத்தாட்சியின் மேல் நின்றுகொண்டு அதைப் படத்தின் பின்னணியாக மட்டும் ஆக்கிவிட்டு, அந்த வசனத்தைச் சான்றுக்கு அழைப்பது நியாயமாகாது.

இரண்டாவது, "மார்க்கம் இலகுவானது." அதுவும் உண்மையே. பயணிக்கு லுஹர், அஸர், இஷா மூன்றும் இரண்டு ரக்அத்தாகச் சுருங்குகின்றன. ஷாஃபிஈ மத்ஹபினருக்குச் சேர்த்துத் தொழும் சலுகையும் உண்டு. தண்ணீர் கிடைக்காதவருக்குத் தயம்மும் உண்டு. ஆனால் சுப்ஹு ஏற்கெனவே இரண்டே ரக்அத். அது சுருங்குவதுமில்லை, வேறொரு தொழுகையுடன் சேர்வதுமில்லை. உறங்கிவிட்டவரும் மறந்துவிட்டவரும் நினைவு வந்ததும் தொழட்டும் என்பது நபிகளார் (ஸல்) காட்டிய வழி. விழித்திருந்து, காப்பி குடித்துக்கொண்டே நேரத்தைத் தவறவிட்டவர் அவர்களில் யார்? கழா என்பது தவறியவருக்கான பரிகாரம். முன்கூட்டியே போட்டுவைக்கும் திட்டமன்று.

மூன்றாவது, "குழுவாகப் போனால் நிரலை மாற்ற முடியாது." 2017 நவம்பரில் ஆகுங் சாம்பல் கக்கியபோது பாலி விமான நிலையம் நாள்கணக்கில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான பயணிகளின் நிரல்கள் மாறின, எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். மலையின் சாம்பலுக்காக நாள்கணக்கில் காத்திருக்கும் மனிதர், அந்த மலையைப் படைத்தவனுக்காகப் பத்து நிமிடம் ஒதுக்க முடியாது என்பதா?

சுப்ஹுக்கு முந்திய இரண்டு ரக்அத் சுன்னத் இந்த உலகத்தையும் அதிலுள்ள யாவற்றையும்விடச் சிறந்தது என்ற கருத்தில் வந்த ஹதீஸை நம் பிள்ளைகள் மதரஸாவில் மனனம் செய்கிறார்கள். பாத்தூரின் உதயமும் அந்த உலகத்துக்குள் அடங்கியதுதான். மனனம் செய்த பிள்ளை மேட்டில் நின்று பெரியவர்களைப் பார்க்கிறது. பாடத்தை நம்புமா, பெரியவர்களை நம்புமா?

ஆகவே, அடுத்த பயணத்துக்குப் பணம் கட்டும் முன் நான்கு காரியங்களைச் செய்வோம். செல்லும் ஊரின் தொழுகை நேரங்களை எழுதி, முகவர் தரும் நிரலில் சேர்க்கச் சொல்வோம். ஓட்டுநரிடம் முதல் நாளே தெரிவிப்போம்; கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. ஒளூவுடனே வாகனத்தில் ஏறுவோம். குழுவில் ஒருவரைத் தொழுகைக்குப் பொறுப்பாக்குவோம். மேட்டிலேயே சிறு ஜமாஅத் நடக்கட்டும்.

எங்கள் தங்கை மகன் ஊர் திரும்பிய பின் ஒரு நாள் வந்து, அடுத்த முறை அந்தப் பொறுப்பைத் தானே ஏற்பதாகச் சொன்னான். அன்று அவனைத் தடுக்காமல் நின்ற நம்மையும், அவனையும், நம் அனைவரின் குடும்பங்களையும் அல்லாஹ் மன்னித்து, ஊரிலும் பயணத்திலும் தொழுகையை நிலைநாட்டுவோராக ஆக்கிவைப்பானாக. ஆமீன்.