இரண்டாம் வயலின்காரரின் கடிதம்

ஷோன்பெர்க்கின் கடிதங்களைப் பற்றி நண்பர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம் அது கடைசியில் 1923ஆம் ஆண்டில் வந்து நின்றுவிடுகிறது. அந்த ஆண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஓவியர் காண்டின்ஸ்கிக்கு அவர் எழுதிய இரு கடிதங்களும் அத்தகையவை. காண்டின்ஸ்கி அப்போது வைமார் நகரில் பௌஹவுஸ் பள்ளியில் இருந்தார். அவ்வூர் இசைப்பள்ளியின் பொறுப்பை ஏற்க வரும்படி பழைய நண்பரை அழைத்தார். ஆனால் அந்த வட்டத்தில் யூதர்களைப் பற்றி இழிவான பேச்சு உலவுவதாக ஷோன்பெர்க்கின் காதுக்கு எட்டியிருந்தது. அவர் மறுத்துவிட்டார்.

அந்த மறுப்பின் பின்னால் இரண்டு ஆண்டுக் காயம் ஒன்று இருந்தது. 1921 கோடையில் மாட்ஸே என்னும் ஏரிக்கரை ஊருக்குக் குடும்பத்தோடு ஓய்வெடுக்கச் சென்றிருந்தார். யூதர்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஷோன்பெர்க் 1898லேயே ஞானஸ்நானம் பெற்றவர். சான்றிதழைக் காட்டியிருந்தால் தங்கியிருக்கலாம். காட்டவில்லை, மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார். 'உன்னை மட்டும் விதிவிலக்காகக் கொள்கிறோம்' என்ற சலுகையை அவர் முதலில் ஓர் ஊரிடம் மறுத்தார், பிறகு ஒரு நண்பரிடம் மறுத்தார். மே மாதக் கடிதத்தில் ஹிட்லரின் பெயரும் வருகிறது. மியூனிக் கலகத்துக்கே இன்னும் ஆறு மாதம் இருந்தது.

மறக்கமுடியாத உரைநடை. ஐயமில்லை. எனினும், புலம்பெயர்ந்த யூத இசைக்கலைஞர்களின் கடிதங்கள் என்றால் இப்படிப்பட்ட உச்சங்களை மட்டுமே எடுத்து வைத்துக்கொண்டு மெய்சிலிர்க்கும் பழக்கம் எங்களை உறுத்துகிறது. எங்கள் பழக்கமும் அதுதான் என்பதால் இந்த உறுத்தல்.

1933 மார்ச் 1 அன்று பிரஷ்யக் கலை அக்காதெமியின் கூட்டத்தில், யூதச் செல்வாக்கை ஒழித்தாக வேண்டும் என்ற அரசின் முடிவு அறிவிக்கப்பட்டது. ஷோன்பெர்க் எழுந்து வெளியேறினார். அதே மாதம் 20ஆம் தேதி பதவி விலகல் கடிதம் எழுதினார். மே மாதம் பெர்லினை விட்டார். ஜூலை 24 அன்று பாரிஸில், ஓவியர் ஷகால் சாட்சிகளில் ஒருவராக நிற்க, யூத மதத்துக்குத் திரும்பினார். அக்டோபர் இறுதியில் அமெரிக்காவில் கரையேறினார். இதற்குப் பிறகு வரும் கடிதங்களின் தொனி வேறு. இன்னாருக்கு ஏதாவது ஒரு கல்லூரியில் இடம் கிடைக்குமா? இன்னாருக்காக அஃபிடவிட் கொடுக்கக்கூடியவர் உண்டா? இதையே திரும்பத் திரும்பக் கேட்கும் தாள்கள். தொகுப்பைப் புரட்டும் வாசகர் அலுப்போடு தாண்டிச் செல்லும் பக்கங்கள் இவை.

அந்த அலுப்பைத்தான் நாங்கள் சந்தேகிக்கிறோம்.

அஃபிடவிட் என்பது என்ன? வந்து சேருகிறவர் அரசுக்குச் சுமையாக மாட்டார் என்று அமெரிக்காவில் வாழும் ஒருவர் தம் வருமானக் கணக்கையும் வங்கிக் கையிருப்பையும் காட்டி எழுதித் தரும் உறுதிப்பத்திரம். அது கிடைத்தாலும் வரிசையில் காத்திருக்க வேண்டும். 1938க்குப் பிறகு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 27,370 பேர் என்பது வரம்பு. இந்தப் பக்கம் வெளியேறுவதற்கும் விலை இருந்தது. 1931இல் மூலதனம் வெளியே ஓடாமல் தடுக்கக் கொண்டுவரப்பட்ட வரி, நாஜிகளின் கையில் வெளியேறுபவரின் சொத்தில் கால் பங்கைப் பறிக்கும் கருவியானது. 1941 அக்டோபரில் வெளியேற்றமே தடை செய்யப்பட்டது. ஆக, அந்தச் சலிப்பூட்டும் தாள்கள்தாம் உயிர்களின் கணக்கு. காண்டின்ஸ்கிக்கு எழுதிய கடிதம் யாருக்கும் விசா வாங்கித் தரவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1958இல் ஷோன்பெர்க்கின் கடிதங்களைத் தேர்ந்து தொகுத்தவர் அவருடைய மாணவர் எர்வின் ஸ்டைன். அவரும் 1938இல் வியன்னாவிலிருந்து லண்டனுக்குத் தப்பியவர். அத்தொகுப்பில் ஷோன்பெர்க் எழுதியவை மட்டுமே உண்டு. அவருக்கு வந்தவை இல்லை. தொகுப்பாசிரியரைக் குறை சொல்ல முடியாது, நூலின் நோக்கம் அது. ஆனால் வாசிப்பவருக்கு நேர்வது என்ன? கெஞ்சியவரின் குரல் விழுந்துவிடுகிறது; பதில் சொன்னவரின் குரல் மட்டும் நிற்கிறது. இது ஒரு பக்கம். மறுபக்கம், ஐரோப்பாவில் எஞ்சியவர்களுக்கு வெளியிலிருந்து சென்ற கடிதங்களில் பெரும்பகுதி, அவற்றைப் பெற்றவர்களோடும் அவர்களது வீடுகளோடும் அழிந்தது. கடிதம் பாதுகாப்பாக இருப்பது பாதுகாப்பாக இருந்தவரின் மேசையறையில்தான். போர் மூண்டபின் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக அனுப்பத்தக்க செய்தி 25 சொற்கள். 25 சொற்களில் எவரும் இலக்கியம் படைக்க முடியாது. உயிரோடு இருப்பதைத் தெரிவிக்கலாம்.

இங்கே ஹூபர்மனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செஸ்டஹோவாவில் 1882இல் பிறந்த வயலின் மேதை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியில் வாசிக்குமாறு நடத்துனர் ஃபுர்ட்வெங்ளர் விடுத்த அழைப்பை 1933இல் மறுத்து, அம்மறுப்பைப் பகிரங்கமாக வெளியிட்டார். தமக்குத் தரப்படும் விதிவிலக்கு ஏனைய யூதக் கலைஞர்களின் அவமானத்துக்குத் திரை ஆகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதோடு நிற்கவில்லை. வேலை இழந்த யூதக் கலைஞர்களைத் திரட்டி பாலஸ்தீன இசைக்குழுவை உருவாக்கினார். 1936 டிசம்பர் 26 அன்று டெல் அவிவில் டோஸ்கானினி அதன் முதல் கச்சேரியை நடத்தினார். கலைஞர்கள் சுமார் 70 பேர். பிரிட்டிஷ் நிர்வாகத்திடமிருந்து அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் குடியேற்றச் சான்றிதழ் பெற அவர் எழுதிய மனுக்களும் கடிதங்களும் அநேகம்.

ஹூபர்மனை நாங்கள் வணங்குகிறோம். ஆனாலும் அந்தச் செயலின் உள்ளே ஒரு பயங்கரம் உட்கார்ந்திருப்பதை மறைக்க இயலாது. உலகத்தரமான குழு வேண்டும் என்பதால் அவர் தேர்வு வைத்தார். வாசித்துக் காட்டியவர்களில் சிலர் தேர்ந்தார்கள், சிலர் தேரவில்லை. 1936இல் எவருக்கும் அவுஷ்விட்ஸ் தெரியாது. எனவே அது வேலைக்கான தேர்வு என்றே எல்லோரும் எண்ணியிருப்பார்கள். பின்னோக்கிப் பார்க்கும் நமக்கு அப்படி எண்ண முடிவதில்லை. சுருதி சற்றே விலகியதற்கு விலை என்னவாக இருந்தது என்பது நமக்குத் தெரியும். குற்றம் ஹூபர்மனுடையதல்ல. கதவுகளை மூடி வைத்துக்கொண்டு, திறமைசாலிக்கு மட்டும் ஒருக்களித்துத் திறந்த நாடுகளுடையது. அவர் அந்த இடுக்கில் கையை வைத்து முடிந்த மட்டும் ஆட்களை இழுத்துப் போட்டார்.

எங்கள் குற்றச்சாட்டு வாசகர்களாகிய நம்மீதுதான். அந்தத் தேர்வை நாம் இன்றும் நடத்திக்கொண்டிருக்கிறோம். 'எப்பேர்ப்பட்ட மேதை, எப்படி அலைக்கழிந்தார்' என்று உச்சுக்கொட்டும்போது, மேதை அல்லாதவர் அலைக்கழிந்தால் பரவாயில்லை என்ற எண்ணம் அந்த வாக்கியத்தின் நிழலில் ஒளிந்திருக்கிறது. மாகாண இசைக்குழு ஒன்றில் இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்து இருபது ஆண்டுகள் ஒழுங்காக வாசித்து, 1933இல் வேலை இழந்து, அயல்நாட்டு உறவினர்களுக்கு எல்லாம் எழுதிய மனிதரின் கடிதத்தை நாம் கேட்டதே இல்லை. கேட்டால் அதில் கலை பற்றிய தரிசனம் இருக்காது. குழந்தைகளின் வயது, தெரிந்த மொழிகள், வேறு என்ன வேலை செய்ய முடியும் என்ற பட்டியல் இருக்கும்.

இலக்கிய வாசகர் மொழியின் வலுவைத் தேடித்தானே கடிதம் வாசிக்கிறார், இல்லையென்றால் அது வரலாற்றாசிரியர் வேலை அல்லவா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பதில் இது: கடிதத்தின் மொழியைக் கூர்மையாக வாசிப்பவருக்குத்தான் இந்தச் சாதாரண வரிகளின் பாரம் தெரியவேண்டும். மேன்மையான சொற்களைத் தேடும் கண் அடக்கிவைக்கப்பட்ட சொற்களையும் படிக்கக் கற்காவிட்டால், அந்தப் பயிற்சிக்கு என்ன பொருள்? செக் இசையமைப்பாளர் பாவெல் ஹாஸின் குடும்பத்தை நினைத்துக்கொள்ளலாம். தம்பி ஹியூகோ நடிகர். தப்பி அமெரிக்கா சேர்ந்து திரைப்படங்கள் எடுத்தார். அண்ணன் பாவெல் தப்ப முடியாமல், மனைவியையும் மகளையும் காப்பாற்றவேண்டி விவாகரத்துப் பெற்றார். அன்பினால் எழுதப்பட்ட விவாகரத்து மனு. 1944 அக்டோபரில் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அந்த மனுவின் வறண்ட சட்டமொழியைவிடக் கனமான காதல் கடிதம் எது?

நமக்குச் சற்று அருகில் வந்த ஒருவரும் உண்டு. கார்ல்ஸ்பாடில் 1907இல் பிறந்த வால்டர் கௌஃப்மன் 1934இல் பம்பாய்க்கு வந்தார். காஃப்காவின் தங்கை எல்லியின் மகளை மணந்தவர். அந்த எல்லி 1941இல் லோட்ஸ் கெட்டோவுக்கு அனுப்பப்பட்டவர், மீளவில்லை. கௌஃப்மன் இந்தியாவைத் தேர்ந்ததன் பின்னே ஞானத்தேடல் ஏதுமில்லை. எளிதாக விசா கிடைத்தது, வந்தார். முதலில் கேட்ட இந்திய இசைத்தட்டுகள் அவருக்குப் பிடிபடவேயில்லை. இத்தனை பேர் நேசிக்கும் இசை தமக்கு எட்டவில்லை என்றால் குறை தம்மிடமே இருக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கற்கத் தொடங்கினார். அகில இந்திய வானொலியில் பணியாற்றினார். நம் பெற்றோர் விடியற்காலையில் கேட்டு எழுந்த வானொலியின் முகப்பிசை அவர் அமைத்ததாகவே அறியப்படுகிறது. 1976இல், இந்தியாவை விட்டு 30 ஆண்டுகள் கழித்து, தென்னிந்திய ராகங்களைத் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். விசா வழங்கிய அதிகாரிக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. அவர் ஒரு மேதையை அனுமதிக்கவில்லை. வந்து கேட்ட ஒரு மனிதரை அனுமதித்தார். அதுவே சரியான முறை என்பது எங்கள் எண்ணம். முகப்பிசை ஒன்றும் அமைக்காமல், நூல் ஒன்றும் எழுதாமல் அவர் பம்பாயில் பியானோ சொல்லிக்கொடுத்தே காலம் கழித்திருந்தாலும் அந்த அனுமதி சரியானதே.

ஷோன்பெர்க் 1944இல் 70 வயதில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து சொற்ப ஓய்வூதியத்தோடு விடுவிக்கப்பட்டார். மறு ஆண்டு, முடிவுறாத தம் படைப்புகளை முடிக்க உதவி வேண்டி குகன்ஹைம் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. பத்தாண்டுகளாகப் பிறருக்காக மனு எழுதிய கை, தனக்காக எழுதிய மனு அது. ஊரும் நண்பரும் நீட்டிய விதிவிலக்கை ஒருகாலத்தில் மறுத்தவர், கடைசியில் எல்லோரையும் போல வரிசையில் நின்றார்.

அவருடைய கடிதங்களை மறுபடி எடுக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். காண்டின்ஸ்கி கடிதங்களை வாசியுங்கள். பிறகு, வழக்கமாகத் தாண்டிச் செல்லும் அந்தச் சிபாரிசுக் கடிதங்களுக்கு வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இன்னொருவர் எழுதிய கடிதம் ஒன்று இருந்திருக்கும். பெயரை மட்டும் மெதுவாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள்.