அபராதம் அரசுக்கு, இழப்பு யாருக்கு?

சிமெண்ட் விலையைத் தமக்குள் கூடி உயர்த்தியதாக ஏசிசி, அம்புஜா, அல்ட்ராடெக், இந்தியா சிமெண்ட்ஸ், மெட்ராஸ் சிமெண்ட்ஸ் உள்ளிட்ட 11 நிறுவனங்களுக்கு, 2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம் 6,300 கோடி ரூபாய்க்கும் அதிகமாக அபராதம் விதித்தது. குற்றச்சாட்டை நிறுவனங்கள் மறுத்தன. நடைமுறைக் குறையைச் சுட்டி 2015இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவ்வாணையை நீக்கியது. மீண்டும் விசாரித்த ஆணையம் 2016இல் அபராதத்தை மறுபடியும் விதித்தது. 2018இல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அவ்வாண்டே வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது.

புகார் கொடுத்தது கட்டுநர் சங்கம் என்பதால், இதை முதலாளிகளுக்கு இடையிலான பூசல் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. அக்காலத்தில் நடைமுறையில் இருந்த இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தின் நிதியில் குறைந்தது 60 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரியது. 2010 ஏப்ரல் முதல் சமவெளிப் பகுதிகளில் ஒரு வீட்டுக்குத் திட்டம் நிர்ணயித்த உதவி 45,000 ரூபாய். சிமெண்ட் விலை ஏறினால் கட்டுநர் அதை வீட்டின் விலையில் சேர்த்துவிடுவார். சேரியில் வீடு கட்டும் கூலித் தொழிலாளியோ கூடுதல் செலவுக்குக் கடன் வாங்க வேண்டும். இல்லையேல் சுவரோடு வேலையை நிறுத்த வேண்டும். விலைக்கூட்டின் சுமை கடைசியாக இறங்குவது அவர் தலையில்தான்.

ஆனால் வசூலாகும் அபராதம் அவரைச் சேர்வதில்லை. போட்டிச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி அது இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்கிறது. இழப்பீடு கோரும் வழியை 53என் பிரிவு திறந்து வைத்திருக்கிறது. தனிநபர் மட்டுமன்றி மாநில அரசும் உள்ளாட்சி அமைப்பும் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஒரே நலன் கொண்ட பலருக்காகச் சிலர் முறையிடவும் இடமுண்டு. எனினும் இழப்பை மெய்ப்பிக்க வேண்டியவர் கோருபவரே. உள்ளூர்க் கடையில் நான்கு மூட்டை வாங்கியவரிடம் ரசீது இருக்குமா?

பயனாளிகளின் பட்டியலும் கட்டுமானப் பதிவுகளும் அரசிடம் உள்ளன. எனவே, விலைக்கூட்டு உறுதியாகும்போது இழப்பைக் கணக்கிட்டு, பயனாளிகள் ஒன்றுசேர்ந்து இழப்பீடு கோர ஊரக வளர்ச்சித் துறை துணைநிற்க வேண்டும். அதற்கான வழக்குச் செலவையும் அரசே ஏற்க வேண்டும். வீட்டு உதவித்தொகையைக் கட்டுமானப் பொருள்களின் விலையோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்த வேண்டும். செல்வம் ஒருசிலரிடம் குவிந்து பொதுநலனுக்குக் கேடு விளையாதபடி அரசு செயல்பட வேண்டும் என்கிறது, அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் 39ஆம் உறுப்பு. அபராதம் விதிப்பதோடு அக்கடமை முடிந்துவிடுவதில்லை. பறிபோன பணம் உரியவர் கைக்குத் திரும்புவதே நாம் கோரும் நீதி.